டெபியன் 12 சர்வர்: "கோட்நேம் மாறியுள்ளது, ஏற்கிறீர்களா?" என்று ஆப்ட் கேட்கிறது. ஒய் கொடுக்கலாமா?

வயல்வரப்பு (கேள்வி)

வணக்கம். ஒரு சிறிய அலுவலகத்தின் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வர் பற்றிய கேள்வி. அப்பாச்சி, பிஎச்பி 8.2, போஸ்ட்கிரஸ் 15, ஓபன்எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழைய உதவுவது) இவ்வளவுதான் அதில் ஓடுகிறது. மென்பொருள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் இருப்பவை:

டெப் எச்டிடிபி://டெப்.டெபியன்.ஆர்க்/டெபியன் ஸ்டேபிள் மெயின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்
டெப் எச்டிடிபி://டெப்.டெபியன்.ஆர்க்/டெபியன் ஸ்டேபிள்-அப்டேட்ஸ் மெயின்
டெப் எச்டிடிபி://செக்யூரிட்டி.டெபியன்.ஆர்க்/டெபியன்-செக்யூரிட்டி ஸ்டேபிள்-செக்யூரிட்டி மெயின்

டெபியனின் மென்பொருள் நிறுவியான ஆப்டில் 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தால், இந்த ரெப்போவின் (மென்பொருள் களஞ்சியத்தின்) கோட்நேம் (வெளியீட்டின் பெயர்) புக்வார்மிலிருந்து டிரிக்ஸி என்று மாறியிருக்கிறது, வெளிப்படையாக ஏற்றுக்கொண்டால்தான் தொடர முடியும் என்கிறது. 'என்' (வேண்டாம்) கொடுத்து வெளியே வந்துவிட்டேன். அதன்பின் 'ஆப்ட் அப்கிரேட்' கொடுத்தால் புதுப்பிக்க எதுவும் இல்லை, 0 என்று வருகிறது. அப்படியென்றால் சர்வர் நல்ல நிலையில்தான் இருக்கிறதா?

இன்னொன்று. பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கையில் ஓபன்எஸ்எஸ்எச் 9.2 பழையது, சிவிஇ-2024-6387 என்ற எண்ணில் பதிவான ஓட்டை இருக்கிறது, 9.8க்குப் போகவும் என்று சிவப்பில் குறித்திருக்கிறார்கள். டெபியன் 12இல் 9.8 கிடைக்கவில்லை. அதற்காக அன்ஸ்டேபிள் (இன்னும் நிலைப்படாத மென்பொருளின்) ரெப்போவை ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா?

---

நெறியாழி

ஒய் கொடுக்காதீர்கள். அந்த 0 என்ற எண்ணையும் நம்பாதீர்கள்.

'ஸ்டேபிள்' என்பது ஒரு வெளியீட்டின் பெயர் அல்ல. அந்தந்தக் காலத்தில் எது நிலையான வெளியீடோ அதைச் சுட்டும் பெயர். 2023 ஜூன் 10 முதல் அது புக்வார்மைச் (டெபியன் 12) சுட்டியது. 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வெளிவந்ததும் டிரிக்ஸியைச் சுட்டத் தொடங்கிவிட்டது. உங்கள் கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் அந்த வரி காட்டும் இடம் மாறிவிட்டது. இதைக் கவனித்துதான் ஆப்ட் நிறுத்திக் கேட்கிறது. ஒய் கொடுத்தால் அடுத்த அப்கிரேடில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் டிரிக்ஸியிலிருந்து இறங்கத் தொடங்கும். முன்தயாரிப்பு இல்லாமல் ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்குப் பாதி தாவி நிற்பீர்கள்.

இப்போது அந்த 0. 'ஆப்ட் அப்டேட்' எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. ரெப்போவிலிருந்து பட்டியலை மட்டும் இறக்கி /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் அடைவில் வைக்கிறது. முதலில் வருவது இன்ரிலீஸ் என்ற கோப்பு. டெபியனின் சாவியால் கையொப்பமிடப்பட்ட அந்தக் கோப்புக்குள் பேக்கேஜ் பட்டியல்களின் எஸ்எச்ஏ256 எண்கள் (கோப்பு மாறினால் மாறிவிடும் சரிபார்ப்பு எண்கள்) இருக்கும். பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் எஸ்எச்ஏ256 எண் இருக்கும். கையொப்பத்தில் தொடங்கி கடைசி டெப் கோப்பு வரை சரிபார்ப்பு இப்படித் தொடர்வதால்தான் வெறும் எச்டிடிபி வழியே இறக்கினாலும் நடுவில் யாரும் பேக்கேஜை மாற்றிவிட முடியாது.

இன்ரிலீஸை ஆப்ட் ஏற்கவில்லை என்றால் பழைய பட்டியலே அப்படியே இருக்கும். 'ஆப்ட் அப்கிரேட்' ஒப்பிடுவது அந்தப் பழைய பட்டியலோடுதான். ஆகவே அது சொல்லும் 0க்கு 'என்னிடம் உள்ள பட்டியலின்படி எதுவும் பாக்கியில்லை' என்று மட்டுமே பொருள். உங்கள் செக்யூரிட்டி வரியிலும் ஸ்டேபிள் என்றே இருப்பதால், டிரிக்ஸி வெளிவந்த நாளிலிருந்து பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அந்த சர்வருக்கு வந்திருக்காது. இரவில் தானாக ஓடும் டைமரும் இதே இடத்தில்தான் தோற்றிருக்கும். 'ஆப்ட்' கேள்வியாவது கேட்கும். 'ஆப்ட்-கெட்' கேட்காது, பிழையைப் பதிவில் எழுதிவிட்டு வெளியேறிவிடும்.

உறுதி செய்துகொள்ள லிஸ்ட்ஸ் அடைவில் 'எல்எஸ் -எல்' கொடுத்து, செக்யூரிட்டி ரெப்போவின் இன்ரிலீஸ் கோப்பின் தேதியைப் பாருங்கள். அங்கே தெரிவது நீங்கள் இறக்கிய நேரம் அல்ல, சர்வரில் அந்தக் கோப்பு உருவான நேரம். முதன்மை ரெப்போவின் கோப்பு சில மாதங்களுக்கு ஒருமுறை, 12.x என்று புள்ளி வெளியீடு வரும்போது மட்டுமே மாறும். அதன் தேதி பழையதாக இருந்தால் பதற வேண்டாம். செக்யூரிட்டி கோப்பு அடிக்கடி மாறுவது. அதில் மாதக்கணக்கில் பழைய தேதி இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சரிசெய்வது எளிது. சோர்சஸ்.லிஸ்டின் ஒரு நகல் எடுத்துவிட்டு, மூன்று வரிகளிலும் பெயரை மாற்றுங்கள்: புக்வார்ம், புக்வார்ம்-அப்டேட்ஸ், புக்வார்ம்-செக்யூரிட்டி. மூன்று வரிகளின் கடைசியிலும் 'மெயின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று இருக்கட்டும். உங்கள் செக்யூரிட்டி வரியில் ஃபர்ம்வேர் பிரிவு விடுபட்டிருக்கிறது. டெபியன் 12இல்தான் இது நான்-ஃப்ரீயிலிருந்து தனிப் பிரிவாகப் பிரிந்தது. சிபியூ மைக்ரோகோடின் பாதுகாப்புத் திருத்தங்கள் இதன் வழியாகத்தான் வரும்.

பிறகு:

சூடோ ஆப்ட் அப்டேட்
ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்
சூடோ ஆப்ட் அப்கிரேட்

பெயர் மாறிவிட்டதால் பட்டியல் புதிதாக இறங்கும், பழைய கேள்வி வராது. புக்வார்ம் 'ஓல்டுஸ்டேபிள்' (முந்தைய நிலையான வெளியீடு) ஆகிவிட்டது என்ற வகையில் ஒரு குறிப்பு வந்தால் அது பிழை அல்ல. புக்வார்முக்கு முழுமையான பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் 10 வரை. அதன்பின் 2028 ஜூன் 30 வரை எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழு கவனித்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் உள்ள வெளி ரெப்போக்களில் 'ஸ்டேபிள்' என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். கூகுள் குரோமின் வரியில் வரும் ஸ்டேபிள் அவர்களுடைய சேனலின் பெயர். டாக்கர் வரியில் 'புக்வார்ம் ஸ்டேபிள்' என்று இருக்கும். அங்கே புக்வார்ம்தான் வெளியீடு, ஸ்டேபிள் ஒரு பிரிவு. இவை இரண்டும் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

---

கல்தச்சன்

எஸ்எஸ்எச் கேள்விக்கு வருகிறேன். அன்ஸ்டேபிள் வரியைச் சேர்க்கவே கூடாது. அதற்குத் தேவையும் இல்லை.

டெபியனின் நிலையான வெளியீட்டில் மூல மென்பொருளின் பதிப்பு எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பின் மீது ஒட்டுவார்கள். 2024 ஜூலை 1 அன்று வெளியான சிவிஇ-2024-6387க்கு மூல ஆசிரியர்கள் 9.8பி1 வெளியிட்டார்கள். டெபியன் 12 அதே திருத்தத்தை 1:9.2பி1-2+டெப்12யு3 என்ற பேக்கேஜில் தந்தது. யு3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது.

அந்த நீளமான எண்ணைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். முன்னால் உள்ள '1:' என்பது எண் போடும் முறை எப்போதாவது மாறினால் வரிசை குலையாமல் இருக்க வைப்பது. 9.2பி1 மூலப் பதிப்பு. கோடுக்குப் பிறகு வரும் 2, டெபியன் கட்டிய பேக்கேஜின் வரிசை எண். +டெப்12யு3 என்றால் டெபியன் 12க்காக வந்த மூன்றாவது திருத்தம். பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்பைப் பழைய வெளியீட்டுக்காகக் கட்டித் தரும் ரெப்போ) பேக்கேஜ்களில் ~பிபிஓ12+1 என்று முடியும். அந்த ~ குறி, தனக்கு முன்னால் உள்ள எண்ணைவிடத் தாழ்ந்ததாக ஒப்பிடச் சொல்வது. டிரிக்ஸிக்குப் போகும்போது அதே பதிப்பின் டிரிக்ஸி பேக்கேஜ் தானாக மேலே வருவது இதனால்தான்.

ஸ்கேனர் ஏன் சிவப்பு காட்டுகிறது? எஸ்எஸ்எச் இணைப்பின் முதல் வரியிலேயே 'ஓபன்எஸ்எஸ்எச்_9.2பி1 டெபியன்-2+டெப்12யு3' என்பது போல முழு விவரமும் போய்விடுகிறது. பல ஸ்கேனர்கள் 9.2பி1 வரை மட்டும் படித்து முடிவு கட்டிவிடுகின்றன. அறிக்கை தந்தவர்களுக்கு இவற்றின் முடிவுகளை அனுப்புங்கள்:

டிபிகேஜி -எல் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்
ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்

இரண்டாவதில் சிவிஇ எண்ணைத் தேடினால் எந்தத் திருத்தத்தில் அடைத்தார்கள் என்பது எழுத்திலேயே இருக்கும். டெபியன் செக்யூரிட்டி டிராக்கர் பக்கத்தில் அதே சிவிஇ எண்ணைக் கொடுத்தால் புக்வார்ம், டிரிக்ஸி என்று வெளியீடு வாரியாக நிலை தெரியும். பதிப்பு எண்ணின் டெபியன் பகுதியை மறைப்பதற்கான 'டெபியன்பேனர் நோ' அமைப்பை யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். திருத்தம் இருப்பதைக் காட்டும் ஒரே தடயத்தை அது அழித்துவிடும், ஓட்டையை அடைக்காது.

அன்ஸ்டேபிள் ஏன் கூடாது என்பதற்கு 2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் (கோப்புச் சுருக்க மென்பொருள்) பின்கதவு விவகாரமே போதும். கெட்ட நிரல் புகுந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் வரை வந்துவிட்டன. நிலையான வெளியீட்டைத் தொடவில்லை. புதிய எண் என்பதாலேயே பாதுகாப்பு கூடிவிடாது. இன்னொரு காரணம் சார்புகள். ஒரே ஒரு எஸ்எஸ்எச் பேக்கேஜை அன்ஸ்டேபிளில் இருந்து எடுத்தாலும் அது புதிய லிப்சி6ஐ (நிரல்கள் நம்பி ஓடும் அடிப்படை லைப்ரரி) கேட்கும். லிப்சி மாறினால் அதை நம்பி ஓடும் எல்லாமே கலப்படத்தில் வந்து நிற்கும். மேலே போன லிப்சியை மறுபடி கீழே இறக்கும் வழி டெபியனில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே புதிய பதிப்பு தேவைப்பட்டால் அதற்குரிய வழி புக்வார்ம்-பேக்போர்ட்ஸ். அதன் முன்னுரிமை 100 (இயல்பானது 500) என்பதால் தானாக எதையும் இழுக்காது. 'ஆப்ட் இன்ஸ்டால் -டி புக்வார்ம்-பேக்போர்ட்ஸ்' என்று பேக்கேஜ் பெயரோடு கேட்டால்தான் தரும்.

---

வயல்வரப்பு

இருவருக்கும் நன்றி. செக்யூரிட்டி இன்ரிலீஸ் கோப்பின் தேதி 2025 ஆகஸ்டிலேயே நின்றிருந்தது. புக்வார்ம் என்று மாற்றியதும் பெரிய பட்டியல் வந்தது, எல்லாம் ஏறிவிட்டது.

இரண்டு விஷயங்கள் மிச்சம். வாரம் ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று 'ஆப்ட்-கெட் -ஒய் அப்கிரேட்' என்று வைத்திருக்கிறது. அதன் பதிவில் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 'கெப்ட் பேக்' (நிறுத்திவைக்கப்பட்டது) என்று தொடர்ந்து பல வாரங்கள் வந்திருக்கிறது. அடுத்து, பிஎச்பிக்காகச் சேர்த்த ஒரு வெளி ரெப்போவுக்கு, அதன் சாவி பழைய டிரஸ்டட்.ஜிபிஜி கோப்பில் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது.

டிரிக்ஸிக்கு எப்போது, எப்படிப் போவது என்றும் சொன்னால் நல்லது.

---

பாய்மரம்

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி, அந்த லினக்ஸ்-இமேஜ்) விஷயம் அவசரமானது, முதலில் அதைச் சொல்கிறேன்.

'ஆப்ட்-கெட் அப்கிரேட்' ஏற்கெனவே உள்ள பேக்கேஜ்களை மட்டும் புதுப்பிக்கும். புதிய பெயரில் எதையும் நிறுவாது, எதையும் நீக்காது. டெபியனில் கெர்னல் திருத்தம் பெரும்பாலும் லினக்ஸ்-இமேஜ்-6.1.0-இன்ன எண் என்று புதிய பெயரோடுதான் வரும். லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்பது அந்தப் புதியதைச் சுட்டும் மெட்டா பேக்கேஜ். புதிய பெயரை நிறுவ அனுமதி இல்லாததால் ஆப்ட்-கெட் அதைப் பிடித்து வைத்துவிடுகிறது. ஸ்கிரிப்டில் 'ஆப்ட்-கெட் -ஒய் --வித்-நியூ-பிகேஜிஸ் அப்கிரேட்' என்று மாற்றினால் தீரும். 'ஆப்ட் அப்கிரேட்' கட்டளை இயல்பாகவே இப்படித்தான் நடக்கும், ஆனால் ஸ்கிரிப்டுக்குள் ஆப்ட்-கெட்தான் சரி. ஆப்டின் வெளியீட்டு வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. நீக்கவும் அனுமதி தருவது ஃபுல்-அப்கிரேட். அதை -ஒய் போட்டுத் தானாக ஓடவிடாதீர்கள்.

கெர்னல் நிறுவியபின் ரீபூட் செய்தால்தான் பயன். 'யூநேம் -வி' கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பைப் பாருங்கள். லைப்ரரிகளுக்கும் இதே கதைதான். ஓபன்எஸ்எஸ்எல் வட்டில் புதிதாகிவிட்டாலும் அப்பாச்சி மறுபடி தொடங்கும் வரை நினைவகத்தில் பழையதே இருக்கும். நீட்ரீஸ்டார்ட் என்ற பேக்கேஜை நிறுவிவிட்டால் எந்தச் சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும் என்று பட்டியலிடும்.

வெளி ரெப்போ. டிரஸ்டட்.ஜிபிஜியில் உள்ள சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லும். அதாவது பிஎச்பி ரெப்போக்காரரின் சாவி டெபியனின் பெயரிலேயே கையொப்பமிட்டாலும் ஆப்ட் ஏற்கும். சாவியை /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவில் தனிக் கோப்பாக வைத்து, அந்த ரெப்போவின் வரியில் மட்டும் 'சைன்டு-பை' என்று அதன் பாதையைக் குறியுங்கள். எழுத்து வடிவச் சாவி என்றால் கோப்பின் பின்னொட்டு .ஏஎஸ்சி, இருமம் என்றால் .ஜிபிஜி. மாற்றிப் பெயரிட்டால் ஆப்ட் சாவியைப் படிக்காது. அனுமதி 644 இருக்க வேண்டும், ஏனென்றால் சரிபார்ப்பைச் செய்வது ரூட் அல்ல, _ஆப்ட் என்ற தனிப் பயனர். முடிந்ததும் பழைய டிரஸ்டட்.ஜிபிஜியிலிருந்து அந்தச் சாவியை எடுத்துவிடுங்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். வெளி ரெப்போவுக்கும் டெபியனுக்கும் இயல்பாக ஒரே முன்னுரிமை, 500. அந்த ரெப்போ நாளை ஓபன்எஸ்எஸ்எல்லை உயர்ந்த எண்ணில் வெளியிட்டால் உங்கள் சர்வர் அதை எடுத்துக்கொள்ளும், அதன் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ரூட்டாக ஓடும். ப்ரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு கோப்பு வைத்து, அந்த ரெப்போவின் எல்லா பேக்கேஜ்களுக்கும் 100, பிஎச்பி பேக்கேஜ்களுக்கு மட்டும் 500 என்று கொடுங்கள். 'ஆப்ட் பாலிசி' என்று பேக்கேஜ் பெயரோடு கேட்டால் எந்தப் பதிப்பு எங்கிருந்து எந்த முன்னுரிமையில் வருகிறது என்பது தெரியும். உங்களுக்கு பிஎச்பி 8.2தான் வேண்டும் என்றால் அது புக்வார்மிலேயே இருக்கிறது. வெளி ரெப்போவே தேவைதானா என்று யோசியுங்கள்.

---

நெறியாழி

டிரிக்ஸி பற்றி. புக்வார்ம் முழு ஆதரவு முடிவதற்கு முன் ஒரு விடுமுறை நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பட்டியலில் என்ன மாறும் என்பது தெரிந்திருக்கட்டும்: பிஎச்பி 8.2 போய் 8.4, போஸ்ட்கிரஸ் 15 போய் 17, பைத்தான் 3.11 போய் 3.13, கெர்னல் 6.1 போய் 6.12. உங்கள் பிஎச்பி நிரல் 8.4இல் ஓடுகிறதா என்று வேறொரு கணினியில் சோதிக்காமல் தொடங்க வேண்டாம். 32 பிட் ஐ386 கணினி என்றால் டிரிக்ஸிக்கு மேம்படுத்தவே கூடாது.

முதலில் புக்வார்ம் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து செய்வதாக இருந்தால் ஓபன்எஸ்எஸ்எச் 1:9.2பி1-2+டெப்12யு7 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதற்கு முந்தையதில் மேம்படுத்தல் நடுவில் அறுந்தால் மறுபடி உள்ளே நுழைய முடியாமல் போகலாம். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமல் இருக்க டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள். பழைய டிஎஸ்ஏ சாவியால் நுழைகிறவர்கள் இருந்தால் டிரிக்ஸியில் அது செல்லாது, முன்பே மாற்றிக்கொடுங்கள்.

தரவுத்தளம், /ஈடிசி, /வார்/லிப்/டிபிகேஜி மூன்றையும் வேறொரு கணினிக்கு நகலெடுங்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' எதையாவது காட்டினால் ஏன் பிடித்துவைத்தார்கள் என்று கண்டுபிடித்து விடுவியுங்கள். 'டிபிகேஜி --ஆடிட்' வெறுமையாக வர வேண்டும். /பூட் தனிப் பகிர்வாக இருந்தால் அளவு 768 எம்பியாவது, அதில் காலியாக 300 எம்பி அளவுக்காவது இருக்கட்டும். கெர்னல் இறங்கும்போது இடம் தீர்ந்துபோனால் இனிட்ராம்எஃப்எஸ் (சர்வர் எழத் தேவையான கோப்பு) பாதியில் நிற்கும், அந்த நிலையில் ரீபூட் செய்தால் சர்வர் எழாது.

வெளி ரெப்போவை அணைத்துவிட்டு, மூன்று வரிகளிலும் புக்வார்மை டிரிக்ஸியாக்கி:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பிகேஜிஸ்
சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

நடுவில் உள்ள படியைத் தாவ வேண்டாம். சார்புச் சிக்கல் இல்லாதவை முதலில் ஏறிவிட்டால் ஃபுல்-அப்கிரேட் நீக்க வேண்டியவை குறையும். அது எவற்றை நீக்கப் போகிறது என்ற பட்டியலை நிதானமாகப் படித்த பிறகே ஒய் கொடுங்கள். கோப்பு அமைப்புகளைப் பற்றி டிபிகேஜி கேட்டால், நீங்கள் கைவைத்த கோப்புகளுக்கு இயல்பான விடையான 'என்' கொடுங்கள். புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே இருக்கும், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பாதியில் நின்றால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. லாக் கோப்பு பிடிபட்டிருக்கிறது என்று வந்தால் அதை அழிக்காதீர்கள். பின்னணியில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், முடியும்வரை காத்திருங்கள்.

போஸ்ட்கிரஸ் தரவு தானாக 17க்கு நகராது. 15இன் கிளஸ்டர் (தரவுத்தளத் தொகுப்பு) அப்படியே இருக்கும். பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் கொண்டு நகர்த்தி, சரிபார்த்த பிறகே 15ஐ நீக்குங்கள். அதற்கு முன் 'ஆட்டோரிமூவ்' (தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை) கொடுக்க வேண்டாம்.

---

கல்தச்சன்

ஒரு சேர்க்கை. டிரிக்ஸியின் ஆப்ட் 3.0, கையொப்பத்தைச் சரிபார்க்க ஜிபிஜிவிக்குப் பதில் எஸ்க்யூவி பயன்படுத்துகிறது. எஸ்எச்ஏ1 கொண்டு கையொப்பமிட்ட பழைய சாவிகளை 2026 பிப்ரவரி 1 முதல் அது ஏற்பதில்லை. வெளி ரெப்போவை மறுபடி திறக்கும்போது கையொப்பப் பிழை வந்தால், அந்த ரெப்போ தரும் புதிய சாவியை இறக்கிப் பாருங்கள். 'டிரஸ்டட்=யெஸ்' என்று வரியில் எழுதிச் சமாளிக்கச் சொல்வார்கள், அது சரிபார்ப்பையே அணைத்துவிடும்.

'ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்' கொடுத்தால் ஒற்றை வரிப் பட்டியல்களை .சோர்சஸ் வடிவத்துக்கு அதுவே மாற்றித் தரும். பழையவற்றை .பேக் என்று வைத்துக்கொள்ளும். மாற்றியபின் ஒவ்வொன்றிலும் சைன்டு-பை வரி நிரம்பியிருக்கிறதா, வெளியீட்டுப் பெயர் டிரிக்ஸி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.